தலைசுற்றல் ஏன் வருகிறது? நேரத்தைக் கவனித்தால் காரணம் பிடிபடும்

தலைசுற்றல் என்று வருபவர்களில் பலர் மனதுக்குள் ஒரு பயத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். மூளையில் கட்டி இருக்குமோ, பக்கவாதம் வரப்போகிறதோ என்று. இன்னொரு பக்கம், 'பிரஷர் குறைஞ்சிருக்கும், நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க' என்று வீட்டில் உள்ளவர்களே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் தவறாகிவிடுகின்றன. அறை சுற்றுவது போன்ற உணர்வுக்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் உட்செவி. அதிலும் மிக அதிகமாகக் காணப்படும் வகைக்கு மாத்திரையே தேவையில்லை. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்தாலே சில நிமிடங்களில் அடங்கிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் அது மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டதன் அடையாளம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய, 'எப்படிச் சுற்றுகிறது' என்ற வர்ணனை அவ்வளவாக உதவாது. ஒரே ஆளிடம் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார். மாறாமல் சொல்லக்கூடியவை இரண்டு விவரங்கள்: எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்தபோது தொடங்கியது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

எது தலைசுற்றல், எது இல்லை

நாமும் அசையாமல், சுற்றியிருப்பவையும் அசையாமல் இருக்கும்போது, ஏதோ அசைகிறது என்று தோன்றுவதுதான் தலைசுற்றல். அறை சுழலலாம், கட்டில் ஒருபக்கம் சாயலாம், தரை கீழே இறங்கலாம். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு விழப்போவது போல இருப்பது வேறு. அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் தள்ளாடுகிறது என்றால் அது கால் நரம்பு, பார்வை, சிறுமூளை ஆகியவற்றில் ஏதோ ஒன்று சார்ந்ததாக இருக்கலாம். உயரமான இடத்தில் நின்று கீழே பார்க்கும்போது வருவது பெரும்பாலும் உயரம் தரும் பயம். காதில் கோளாறு இருக்க வேண்டியதில்லை.

தலைசுற்றல் ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறி. காய்ச்சலுக்குப் பின்னால் பல காரணங்கள் இருப்பது போலவே இதற்கும் உண்டு. ஆகவே 'தலைசுற்றலுக்கு மாத்திரை' என்று ஒன்றைக் கேட்டு வாங்கி விழுங்குவது காரணத்தை மூடி மறைக்கும் வேலை.

உட்செவிக்குள் என்ன இருக்கிறது

நாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதை மூளை மூன்று வழிகளில் தெரிந்துகொள்கிறது. கண்கள் ஒன்று. கால் பாதம், மூட்டு, கழுத்துத் தசைகளிலிருந்து வரும் உணர்வு இரண்டாவது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு மூன்றாவது. மூன்றும் சொல்வதை மூளைத்தண்டும் சிறுமூளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மூன்றும் ஒத்துப்போனால் நமக்கு எதுவுமே தெரிவதில்லை. ஒன்று பொய் சொன்னால் சுற்றுகிறது, குமட்டுகிறது, வியர்க்கிறது.

ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்கோணத்தில் அமைந்திருப்பதால், தலையை எந்தத் திசையில் திருப்பினாலும் ஏதாவது ஒரு குழலுக்கு அது தெரிந்துவிடும். குழல்களுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்புகிறது, உள்ளே இருக்கும் திரவம் மட்டும் ஒரு கணம் பின்தங்குகிறது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைச் சட்டென்று திருப்பினால் பாத்திரம் நகர்ந்து தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கிறதே, அதே கதைதான். பின்தங்கும் திரவம், குழலின் ஒரு முனையில் கதவு போல நிற்கும் மெல்லிய ஜெல் தடுப்பை வளைக்கிறது. தடுப்புக்குள் புதைந்திருக்கும் மயிரிழை உணர்வு செல்கள் வளைந்ததும் நரம்புக்குச் செய்தி போகிறது. குழந்தைகள் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணம் இந்தத் திரவம் உடனே நிற்காததுதான்.

குழல்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு சிறு பைகள் உண்டு. நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் அறிவது இவற்றின் வேலை. லிஃப்ட் மேலே போகிறது, வண்டி பிரேக் போடுகிறது என்பதெல்லாம் இவற்றால் தெரிவது. இந்தப் பைகளின் உணர்வுப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இவற்றின் எடைதான் புவியீர்ப்பை உணரவைக்கிறது. இந்தத் துகள்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலுக்கு முதன்மைக் காரணமே இவைதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சமநிலை உறுப்பு நேராகக் கண் தசைகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தலை வலப்பக்கம் திரும்பினால் கண்கள் அதே வேகத்தில் இடப்பக்கம் நகர்ந்து, பார்க்கும் பொருளை அசையாமல் வைத்திருக்கின்றன. நடந்துகொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். சமநிலை உறுப்பு தவறான செய்தி அனுப்பினால் கண்கள் தாமாகவே ஒருபக்கம் நழுவி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நழுவும். இந்தக் கண் துடிப்பை நிஸ்டாக்மஸ் என்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவர் ஸ்கேனைக் கேட்பதற்கு முன் கண்ணைப் பார்ப்பது இதற்காகத்தான். துடிப்பின் திசை, எந்தக் காதில் எந்தக் குழல் என்பதையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால்: துகள் இடம் மாறியிருக்கிறது

படுக்கையில் புரண்டதும், படுத்ததும், எழுந்ததும், மேலே உள்ள அலமாரியை அண்ணாந்து பார்த்ததும், குனிந்து செருப்பு மாட்டியதும் பலமாகச் சுற்றுகிறது. தலையை அசைக்காமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. காது கேட்பதில் மாற்றம் இல்லை. இப்படியென்றால் அது பெரும்பாலும் பிபிபிவி. தலையின் நிலை மாறும்போது வரும், உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுற்றல் என்பதுதான் அந்த நீண்ட மருத்துவப் பெயரின் பொருள்.

நடப்பது இதுதான். பையில் ஒட்டியிருக்க வேண்டிய துகள்கள் சில பிய்ந்து ஒரு அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள். படுக்கும்போது அதுதான் தாழ்வாக இருக்கிறது. தலையைச் சாய்த்ததும் துகள்கள் குழலுக்குள் கீழ்நோக்கி உருளுகின்றன, திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன, ஜெல் தடுப்பு வளைகிறது. தலை நின்றுவிட்டது என்று கண்ணும் கழுத்தும் சொல்கின்றன; இன்னும் சுழல்கிறது என்று அந்த ஒரு குழல் மட்டும் சொல்கிறது. துகள்கள் அடியில் போய்ச் சேர்ந்ததும் செய்தி நின்றுவிடுகிறது. தலையைச் சாய்த்து ஓரிரு விநாடி கழித்துத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், ஒரு நிமிடத்துக்குள் தணிவதற்கு இதுதான் காரணம். துகள் உருளுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்த நேரம்.

துகள்கள் ஏன் பிய்கின்றன? பெரும்பாலானோருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. வயது 50-ஐத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம். தலையில் அடிபட்ட பிறகு, நாள்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்த பிறகு, உட்செவி அழற்சிக்குப் பிறகு வரலாம். எலும்பு மெலிவும் வைட்டமின் டி குறைபாடும் உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. துகளும் கால்சியம்தானே. அடிக்கடி வருபவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது வீண் செலவல்ல. குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

இதை இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: படுத்த நிலையிலேயே புரளும்போது சுற்றுகிறதா? படுத்திருப்பவர் பக்கம் மாறிப் படுப்பதால் இரத்த அழுத்தம் இறங்குவதில்லை. புரண்டால் சுற்றுகிறது என்றால் காதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறது, படுத்தால் ஒன்றுமில்லை என்றால் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்ற பிறகு ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் அங்கே இருக்கிறது. உட்காரவைத்து ஒரே ஒருமுறை அளந்துவிட்டு 'பிரஷர் நார்மல்' என்று சொன்னால் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

எந்தக் காது என்று கண்டுபிடிப்பது

இதற்கான சோதனையை 1952-இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் விவரித்தார்கள். அவர்கள் பெயராலேயே டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று அழைக்கப்படுகிறது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும். நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒருபக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே வேகமாகப் பின்னால் படுக்கவைத்து, தலை கட்டிலின் விளிம்புக்குச் சற்றுக் கீழே 20 டிகிரி அளவு தொங்கும்படி பிடிக்க வேண்டும். கண் திறந்தே இருக்க வேண்டும். பின்பக்கக் குழலில் துகள் இருந்தால், சில விநாடிகள் கழித்துக் கண் மேல்நோக்கித் துடிக்கும். கூடவே கீழே இருக்கும் காதை நோக்கிச் சக்கரம் போலச் சுழன்றும் துடிக்கும். அந்தக் கீழ்க்காதுதான் பாதிக்கப்பட்ட காது. பிறகு மறுபக்கம்.

இங்கே நடக்கும் பிழைகள் இரண்டு. பயத்தில் நோயாளி கண்ணை இறுக மூடிக்கொள்வார். அப்போது துடிப்பைப் பார்க்க முடியாது. அல்லது மெல்ல மெல்லப் படுக்கவைப்பார்கள். துகள் மெதுவாக நகர்ந்து, சுற்றலே வராமல், 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள்.

எப்ளி முறை, படிப்படியாக

இந்தத் துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்று கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜான் எப்ளி. 1980-களில் அவர் இதைச் செய்துகாட்டியபோது சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. தலையைத் திருப்பினால் நோய் போய்விடுமா என்று கேட்டார்கள். 1992-இல் கட்டுரையாக வெளியானது. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை. ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றிரண்டு முறை செய்தாலே சரியாகிவிடுகிறது.

வலக் காது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார வேண்டும். படுக்கும்போது தோள்களுக்கு அடியில் வரும்படி பின்னால் ஒரு தலையணை. தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். மூக்கு, நேர்முன் திசைக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். திருப்பிய நிலையிலேயே வேகமாகப் பின்னால் படுங்கள். தோள் தலையணையில், தலை அதைத் தாண்டிக் கட்டிலில் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சுற்றும். சுற்றட்டும், அது துகள் நகர்வதன் அடையாளம். சுற்றுவது நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே இருங்கள்.

அடுத்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். இப்போது இடப்பக்கம் 45 டிகிரியில் இருக்கும். மறுபடி 30 முதல் 60 விநாடி. பிறகு உடம்பையும் தலையையும் சேர்த்து இடப்பக்கம் உருட்டி, இடத்தோளில் படுங்கள். மூக்கு தரையை நோக்கி இருக்க வேண்டும். இன்னொரு 30 முதல் 60 விநாடி. கடைசியாக, முகவாயை நெஞ்சோடு சேர்த்தபடி இடப்பக்கமாகவே எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்த நொடியில் பின்னால் தள்ளுவது போலத் தோன்றலாம்; அதனால் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. இடக் காது என்றால் எல்லாமே திசை மாறும்.

பலன் கிடைக்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்: காதை மாற்றிச் செய்தது, இரண்டாவது நிலைக்குப் போகும்போது தலையைத் தூக்கிவிட்டது (அப்படித் தூக்கினால் துகள் திரும்ப உருண்டுவிடும்), காத்திருக்காமல் அவசரப்பட்டது, மூன்றாவது நிலையில் கூரையைப் பார்த்துப் படுத்தது, துகள் இருப்பது பின்பக்கக் குழலே இல்லை, கிடைமட்டக் குழல். கடைசியில் சொன்ன வகையில் படுத்தபடி இருபுறமும் புரளும்போது மிகக் கடுமையாகச் சுற்றும், அண்ணாந்து பார்ப்பதால் அவ்வளவாக வராது. அதற்கு எப்ளி பயன்படாது. ஒரே திசையில் உடம்பை முழுவட்டமாக உருட்டும் வேறு முறை இருக்கிறது. ஆகவே முதல் முறையை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ காதையும் குழலையும் உறுதி செய்து செய்துவிடட்டும். திரும்ப வரும்போது வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டால் போதும். பாதிப் பேருக்குச் சில ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது, ஆகவே கற்றுக்கொள்வது பயனுள்ளதே. கழுத்தில் கடுமையான பிரச்சினை, சமீபத்தில் கழுத்திலோ முதுகெலும்பிலோ அறுவை சிகிச்சை, கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு, விழித்திரை விலகல் உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது.

செய்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. கடுமையான சுற்றல் போன பிறகும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், லேசாக மிதப்பது போல இருக்கும். மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் காலம் அது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் நீடித்தால்

20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடித்து, கூடவே ஒரு காதில் அடைத்தது போன்ற உணர்வு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது என்றெல்லாம் சேர்ந்து வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். பாரிசில் மருத்துவராக இருந்த புரோஸ்பெர் மெனியர் 1861-இல், தலைசுற்றல் உட்செவியிலிருந்தும் வரலாம் என்று சொன்னார். அதுவரை இதெல்லாம் மூளை நோய், வலிப்பின் உறவு என்று கருதி அதற்கேற்ற கடும் வைத்தியங்களைச் செய்துவந்தார்கள். உட்செவித் திரவம் அளவுக்கு மீறிச் சேர்வது இந்த நோயில் காணப்படுகிறது. உறுதி செய்ய, காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அவசியம். தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். ஆடியோகிராம் எடுக்காமல் மெனியர் என்று பெயர் சூட்டினால் நம்பாதீர்கள். உப்பைக் குறைப்பது, சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து, செவிப்பறை வழியாக ஊசி மருந்து என்று சிகிச்சை படிப்படியாகப் போகும். பீட்டாஹிஸ்டின் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. ஆனால் 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வருவது இன்னொரு வகை. ஐந்து நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை எப்படி வேண்டுமானாலும் நீடிக்கும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. பேருந்திலோ காரிலோ போனால் குமட்டும் சுபாவம் சிறு வயதிலிருந்தே இருந்திருக்கும். இதில் ஏமாற்றும் விஷயம், சுற்றும்போது தலைவலி இல்லாமலும் இருக்கலாம் என்பது. பல ஆண்டுகளுக்கு முன் தலைவலி நின்றுபோய், இப்போது சுற்றல் மட்டும் வருபவர்களும் உண்டு. அதனாலேயே இது மிக அதிகமாகத் தவறவிடப்படும் காரணங்களில் ஒன்று. தூக்கம் கெடுவது, உணவு தவறுவது, மாதவிடாய் காலம் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறதா என்று குறித்துவைத்தால் பிடிபட்டுவிடும். சிகிச்சை ஒற்றைத் தலைவலிக்கு உரியதே.

நாள்கணக்கில் நிற்காமல் சுற்றினால்

திடீரென்று தொடங்கி, படுத்தாலும் உட்கார்ந்தாலும் நிற்காமல், வாந்தியோடு ஒரு நாளுக்கு மேல் தொடரும் தலைசுற்றல் இரண்டு காரணங்களால் வரலாம். ஒன்று சமநிலை நரம்பின் அழற்சி. வைரஸ் தொற்றைத் தொடர்ந்து வருவதாகக் கருதப்படுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் படாதபாடு படுத்தி, பிறகு வாரக்கணக்கில் மெல்லக் குறையும். மற்றொன்று சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இரத்த அடைப்பு. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கலாம். தலைசுற்றலில் உண்மையிலேயே ஆபத்தான இடம் இதுதான்.

தலையை அசைத்தால் சுற்றல் அதிகமாகிறது என்பதை வைத்துக் காதுதான் என்று முடிவு செய்யக் கூடாது. எந்தக் காரணத்தால் சுற்றினாலும் தலையை அசைத்தால் அதிகமாகத்தான் ஆகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அசையாமல் இருக்கும்போது முழுவதும் நின்றுவிடுகிறதா, இல்லையா? நின்றுவிட்டால் துகள். நிற்கவில்லை என்றால் மேற்சொன்ன இரண்டில் ஒன்று.

இதைப் பிரிக்க ஹிண்ட்ஸ் என்ற மூன்று படிக் கண் சோதனை இருக்கிறது. 2009-இல் வெளியான ஆய்வில் இது, சுற்றல் தொடங்கியதும் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகவே பக்கவாதத்தைப் பிடித்தது. அதன் முதல் படி கொஞ்சம் வியப்பானது. மருத்துவரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைச் சிறு கோணத்தில் சட்டென்று திருப்புவார்கள். காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் கண் தலையோடு சேர்ந்து நழுவி, பிறகு வெடுக்கென்று மூக்குக்குத் திரும்பும். அப்படி நழுவினால் பெரும்பாலும் ஆறுதலான செய்தி. கண் நழுவாமல் அப்படியே மூக்கில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்: காது நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் நிற்காமல் சுற்றுகிறது என்றால் கோளாறு மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். துடிப்பின் திசை பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப மாறுவதும், ஒரு கண்ணை மூடித் திறக்கும்போது கண்கள் மேலும் கீழுமாக விலகி நிற்பதும் மற்ற இரண்டு அடையாளங்கள். பயிற்சி பெற்றவர் செய்தால்தான் இதற்கு மதிப்பு. சோதிக்கும் நேரத்தில் சுற்றல் தொடர்ந்துகொண்டிருக்கவும் வேண்டும்.

சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவைக் காட்டும். ஆனால் சிறுமூளைப் பகுதியில் புதிதாக வந்த அடைப்பை அது பெரும்பாலும் காட்டாது. 'சி.டி. நார்மல், பயப்பட ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். முதல் 48 மணி நேரத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில்கூடச் சிறிய அடைப்பு தப்பிவிடலாம்.

சுற்றலோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்: பேச்சுக் குளறுதல், இரட்டையாகத் தெரிதல், முகம் கோணுதல், கை காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், விழுங்க முடியாமை, இதுவரை வராத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, நெஞ்சுவலி, நினைவு தப்புதல். பிடித்துக்கொள்ளாமல் உட்காரவோ நடக்கவோ முடியவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். காது நரம்பு அழற்சி உள்ளவர் தள்ளாடினாலும் நடந்துவிடுவார். ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரம்தான். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை நாள் தள்ளாமல் தொடங்க வேண்டும். சில நேரம் அதுவே உட்செவிக்கு இரத்தம் தரும் குழாயில் அடைப்பு என்பதன் அறிகுறியாகவும் இருக்கும்.

கழுத்தெலும்பு மீது போடப்படும் பழி

தலைசுற்றலோடு போனவருக்குக் கழுத்தில் எக்ஸ்-ரே எடுத்து, 'எலும்பு தேஞ்சிருக்கு, அதான் சுத்துது' என்று கழுத்துப் பட்டை மாட்டி அனுப்புவது மிகப் பரவலாக நடக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்து எக்ஸ்-ரேயில் தேய்மானம் தெரியும், சுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அண்ணாந்தால் சுற்றுவதைக் கழுத்தின் குற்றமாக நினைக்கிறார்கள். அண்ணாந்தால் காதின் பின்பக்கக் குழலும் சேர்ந்துதான் திரும்புகிறது. பட்டை மாட்டினால் தலை அசைவது குறையும், அதனால் சுற்றலும் குறைந்தது போலத் தெரியும். துகள் அங்கேயேதான் கிடக்கும்.

மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் இரு காதுகளின் சமநிலை உறுப்பையும் சேர்ந்தாற்போலப் பாதிக்கக்கூடும். அப்போது அறை சுழலாது. நடக்கும்போது பார்வை குலுங்கும், இருட்டில் நடக்க முடியாது. இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்புக்கான மருந்து ஆகியவையும் தள்ளாட்டம் தரலாம். வயதானவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பது சகஜம். அவர்களில் சிலர் துகள் பிரச்சினை இருந்தும் 'சுற்றுகிறது' என்றே சொல்வதில்லை, 'நிலையா நிக்க முடியல' என்றுதான் சொல்வார்கள். காரணம் தெரியாமல் விழும் முதியவர்களுக்கு டிக்ஸ்-ஹால்பைக் சோதனையை ஒருமுறை செய்துபார்ப்பது எலும்பு முறிவையே தடுக்கக்கூடும்.

மாத்திரை எத்தனை நாள்

ப்ரோகுளோர்பெராசின், சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை சுற்றலையும் வாந்தியையும் அமுக்கிவைப்பவை. கடுமையான முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை தேவைப்படலாம். அதற்கு மேல் தொடர்ந்தால் கெடுதல். ஒரு காது பலவீனமான பிறகு மூளை மீதியிருக்கும் செய்திகளை வைத்துப் புதிதாகக் கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறது. தவறு நேரும்போதுதான் அந்தக் கற்றல் நடக்கும். மாத்திரை அந்தத் தவறையே உணரவிடாமல் செய்துவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களுக்கு முதல் இரண்டு மருந்துகளும் கைநடுக்கத்தையும் விறைப்பையும், அதாவது பார்க்கின்சன் நோய் போன்ற நிலையைக்கூட, கொண்டுவரலாம். துகள் இடம் மாறிய வகைக்கோ இந்த மாத்திரைகளால் எந்தத் தீர்வும் இல்லை.

நரம்பு அழற்சிக்குப் பிறகு உண்மையான மருந்து பயிற்சிதான். ஒரு அட்டையில் ஒரே ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதிக் கை நீட்டிய தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். பார்வையை எழுத்திலேயே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமுமாகச் சிறிய கோணத்தில் ஆட்டுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஒரு நிமிடம். பிறகு மேலும் கீழும் ஒரு நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை. லேசாகச் சுற்றினால் நல்லது, பயிற்சி வேலை செய்கிறது. பயிற்சி முடிந்து கால் மணி நேரத்துக்குப் பிறகும் தணியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு கால்களைச் சேர்த்துவைத்து. பயந்துகொண்டு படுத்தே கிடப்பவர்களுக்குத்தான் குணமாவது தள்ளிப்போகிறது. காது ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் மிதப்பது போலவும், கூட்டமான கடைகளில் நிற்க முடியாமலும் இருந்தால் அது கற்பனையல்ல, பெயர் உள்ள நோய். மூளை அளவுக்கு மீறிய எச்சரிக்கை நிலையிலேயே தங்கிவிடுவதால் வருவது. பயிற்சி, மனப்பயிற்சி, சில மருந்துகளால் குறைக்க முடியும்.

சுற்றும் நேரத்தில்

உடனே உட்காருங்கள் அல்லது படுங்கள். தலையை அசைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும், ஆனால் திறந்தபடி அசையாத ஒரு பொருளை, கதவின் கைப்பிடியையோ சுவரில் ஒரு புள்ளியையோ, உற்றுப் பார்த்தால் காதிலிருந்து வரும் கண் துடிப்பு தானாகவே குறையும். அடங்கிய பிறகு கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கட்டும். காது ஏமாற்றும்போது கண்தான் துணை. சுற்றல் எப்போது வரும் என்று தெரியாத காலம் முழுக்க வண்டி ஓட்டுவதும் ஏணியில் ஏறுவதும் தனியாக நீந்துவதும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அசையாமல் இருந்தபோது முழுவதும் நின்றதா, எந்தக் காதிலாவது அடைப்போ இரைச்சலோ இருந்ததா, தலைவலி உண்டா, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர். கூடவே, சுற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டில் இருப்பவர் ஒருவர் உங்கள் கண்ணைக் கைபேசியில் வீடியோ எடுத்துவைக்கட்டும். வெளிச்சமான இடத்தில், முகம் திரை முழுக்கத் தெரியும்படி, கண்ணைத் திறந்துவைத்து, நேராகவும் இடமும் வலமுமாகவும் பார்த்தபடி ஒரு நிமிடம். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வீடியோவிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது துடிப்பு நின்றுபோயிருக்கும். அந்த ஒரு நிமிட வீடியோவில் அது அப்படியே இருக்கும்.